வரிசை 43

விரைவுச் சாலை என்றுதான் பெயர்.
திங்கள் இரவு பத்து மணிக்கு
பாரதியார் நகரில் நான் குறித்துவைத்த கன்டெய்னர் லாரி
புதன் காலை எட்டுக்கு டோல்கேட் வந்து சேர்ந்தது.
சராசரி வேகம் என்ற கட்டத்தில்
பூஜ்யம் புள்ளி ஒன்று ஏழு என்று எழுதினேன்.
முழு எண்ணாக்கினால் அது ஓடவே இல்லை.

என் வேலை மதிப்பிடுவது.
ஓட்டுநர் இல்லாத மின்வண்டிகளுக்கு
எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை
தனிப்பாதை ஒன்று போடலாமா, கூடாதா.
இரண்டு பக்கமும் ஆளுயர வேலி,
நடுவில் மணிக்கு நூற்றுப் பத்து,
மொத்தம் பதினொரு நிமிடம்.

நேரத்துக்கு விலை உண்டு எங்கள் கையேட்டில்.
காரில் உட்கார்ந்திருப்பவரின் ஒரு மணி நேரம் இவ்வளவு.
பஸ்ஸில் தொங்குகிறவருடையது அதில் கால்வாசி.
பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் டயருக்கும் உண்டு,
தாமதத்தில் அதற்கும் ஏதோ வலிக்கிறது.
சாலையைக் குறுக்கே கடப்பவருக்கு
அந்தக் கட்டம் காலி.
பூஜ்யம்கூட இல்லை.
பூஜ்யம் என்றால் யாரோ யோசித்துப் போட்டது.

தேசப்பன் தன் ட்ரெய்லருக்கு அடியில்
லுங்கியை விரித்துப் படுத்திருந்தார்.
பக்கத்தில் பம்ப் ஸ்டவ், நேற்றைய கருவாட்டுக் குழம்பு.
"ஆளே இல்லாம ஓடுமா மேடம்?"
ஓடும்.
"அப்போ லைன்ல நிக்கிறது யாரு?"
லைனே இருக்காது என்றேன்.
"இருக்கும். ஆளுதான் இருக்கமாட்டான்."
சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சோதனை வண்டி வெள்ளை.
தலைமேல் சுழலும் ஒரு டம்ளர்.
உப்புக்காற்றில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு தரம்
அதன் கண்ணைத் துடைக்க ஒரு பையனை வைத்தோம்.
தானாக ஓடும் வண்டியின் பின்னால்
ஈரத்துணியோடு பைக்கில் போனான் இர்ஃபான்.

சாம்பல் குளத்துப் பக்கமிருந்து காற்றடித்த நாள்
நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டது.
முன்னால் சுவர் இருக்கிறது என்றது திரை.
சுவரெல்லாம் இல்லை.
ஆனால் இந்தக் காற்றைச் சுவர் என்று சொன்ன
முதல் கருவி அதுதான்.
அறிக்கையில் எழுதினோம்: சென்சார் பிழை.

புகையில்லா வாகனம் என்று கதவில் ஒட்டியிருந்தது.
அது சார்ஜ் ஏறும் நேரம் பொழுது போகாமல்
கம்பியைக் கண்ணால் தொடர்ந்தேன்.
கோபுரம். கோபுரம். உப்பங்கழி. கோபுரம்.
பிறகு அத்திப்பட்டுப் புகைபோக்கி.

விடிகாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை
நெட்டுக்குப்பம் திருப்பத்தில் உட்கார்ந்து எண்ணினேன்.
குறுக்கே கடந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு.
நைட் ஷிப்ட் முடித்த செக்யூரிட்டிகள்,
ஐஸ் பெட்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போனவர்,
யூனிபார்மில் ஒரு பெண் மூன்று தடவை.
முதலில் பள்ளிக்கு, பிறகு மறந்த டிபன் பாக்ஸுக்கு,
பிறகு மறுபடி பள்ளிக்கு.
அவளை மூன்றாகவே எண்ணினேன்.
வேலி வந்தால் நடைமேம்பாலம் சுற்றிப் போக
தலைக்கு இருபத்திரண்டு நிமிடம் கூடும்.

இரவு அட்டவணையில் ஒரு வரிசை சேர்த்தேன்.
நாற்பத்து மூன்று: கடப்போர் இழக்கும் நேரம்.
விலை, பஸ்ஸில் தொங்குகிறவருக்கு உள்ளது.
ஒன்று புள்ளி மூன்று ஒன்றாக இருந்த லாப விகிதம்
பூஜ்யம் புள்ளி ஒன்பது நான்குக்கு இறங்கியது.

பாதை வேண்டாம் என்கிறேனா?
தெரியவில்லை.
லாரிக்கடியில் ஆள் தூங்குவதை
எத்தனை நாள் போக்குவரத்து என்று எழுதுவது?

வெள்ளிக்கிழமை கோப்பு திரும்பி வந்தது.
நாற்பத்திரண்டுக்குக் கீழே நாற்பத்து நான்கு.
நீக்கவில்லை, மறைத்திருந்தார்கள்.
மறைத்த வரிசையும் கூட்டலில் சேரும் என்பது
அங்கே யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.
விகிதம் அதே பூஜ்யம் புள்ளி ஒன்பது நான்கு.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஜன்னலுக்கு வெளியே
ஒரு லாரி நீளம் நகர்ந்தது லைன்.
அடியிலிருந்து எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டியபடி
யாரோ ஓடிப்போய் ஏறினார்.